கூடத்தில் ஆட வேண்டிய போர்

பிள்ளைகள் கையில் விடியோ கேமைப் பார்த்தாலே கவலைப்படும் பெற்றோர்களுக்கு,

போர் சம்பந்தப்பட்ட கேம் என்றால் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்பவர்கள் உங்களில் ஒரு சாரார். எத்தனை வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது, ரத்தம் தெறிக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, போனையோ கன்ட்ரோலரையோ கொடுத்து அறைக்கு அனுப்பிவிடுகிறவர்கள் இன்னொரு சாரார். இரண்டு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பிரான்ஸில் உருவாகி 2014 ஜூனில் வெளிவந்த 'வேலியன்ட் ஹார்ட்ஸ்: தி கிரேட் வார்' என்ற புதிர் விளையாட்டை வைத்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு போர் விளையாட்டு குடும்பத்துக்கு ஏற்றதா என்று பார்க்கும்போது, அது கண்ணுக்கு எதைக் காட்டுகிறது என்பதைவிட ஆடுகிறவரின் கையை என்ன செய்ய வைக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் இந்த விளையாட்டு நன்றாகவே தேறுகிறது. அதே கேள்வியை அதன் கடைசிக் காட்சிவரை விடாமல் கேட்டால், இதைப் பிள்ளை தனியறையில் ஆடக்கூடாது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கக் கூடத்தில் ஆட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். யுபிசாஃப்ட் நிறுவனத்தின் மோன்பெலியே கிளை இதை முதல் உலகப்போரின் நூறாவது ஆண்டில் வெளியிட்டது. போர்முனையிலிருந்து வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்தான் கதைக்கு வித்து. நூற்றாண்டு நினைவைக் கவனிக்க பிரான்ஸில் அமைக்கப்பட்ட குழுவும், அந்தப் போரைப் பற்றிய 'அபொகலிப்ஸ்' என்ற ஆவணத் தொடரை எடுத்தவர்களும் கைகொடுத்திருக்கிறார்கள். எமில் ஒரு பிரெஞ்சு விவசாயி. மகள் மரீ, ஜெர்மானியனான மருமகன் கார்ல், கைக்குழந்தையாக ஒரு பேரன். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் ஜெர்மானியன் என்ற ஒரே காரணத்துக்காகக் கார்லை பிரான்ஸை விட்டு வெளியேற்றுகிறார்கள். அந்தப் பக்கம் போனவனை ஜெர்மன் படை சேர்த்துக்கொள்கிறது. கொஞ்ச நாளில் எமிலுக்கும் அழைப்பு வருகிறது. மாமனார் ஒரு பதுங்குகுழியில், மருமகன் எதிர்க்குழியில். கல்யாண நாளன்றே குண்டுவீச்சில் மனைவியைப் பறிகொடுத்த அமெரிக்கன் ஃப்ரெடி, காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்யும் பெல்ஜிய மாணவி அன்னா, வால்ட் என்ற நாய் என்று மற்றவர்களும் வழியில் சேர்ந்துகொள்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால் நாயைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம், நாய் பிழைத்துக்கொள்கிறது. மார்ன், ஈப்ர், வெர்டன், சோம் என்று அந்தப் போரின் பெயர்பெற்ற களங்கள் வழியாகக் கதை 1917 வரை போகிறது. ஆறேழு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். முடிந்துவிடும் என்பதே இன்றைய நிலையில் ஒரு பெரிய குணம். முகம் தெரியாத ஆட்களோடு பேசும் வசதியோ, நாளைக்கும் வந்தால் பரிசு என்று இழுக்கும் தந்திரமோ இதில் கிடையாது.

இப்போது கைக்கு வருவோம். எமிலுக்குக் கிடைக்கும் முக்கியமான வேலை மண் தோண்டுவது. சிறைபிடிபட்டு ஜெர்மானியர்களுக்குச் சமையல் செய்யும்போது அவர் கையில் இருப்பது ஒரு கரண்டி. பிறகு அதுவே தோண்டவும் அடிக்கவும் பயன்படுகிறது. ஃப்ரெடி முள்கம்பியை வெட்டுகிறான். வால்ட் ஆள் நுழைய முடியாத சந்துக்குள் புகுந்து பொருளைக் கவ்விக்கொண்டு வருகிறது, சொன்ன இடத்தில் ஏறி நெம்புகோலை அழுத்துகிறது. அன்னா காயத்துக்குக் கட்டுப்போடுகிறாள். கட்டுப்போடுவது எப்படி ஆடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் பாருங்கள்: திரையில் இதயத்துடிப்பைப் போல ஒரு கோடு ஓடுகிறது, அதில் பொத்தான்களின் குறிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வருகின்றன. அந்தந்தக் குறி கோட்டின் முனைக்கு வரும் கணத்தில் சரியான பொத்தானை அழுத்த வேண்டும். அவசரப்பட்டாலும் தாமதித்தாலும் படுத்திருப்பவன் துடிக்கிறான், சிகிச்சை பின்னால் போகிறது. மற்ற கேம்களில் சுடுவதற்குப் பழகிய அதே விரல் வேகம் இங்கே ஒருவனைச் சாகாமல் வைத்திருக்கச் செலவாகிறது. இந்த இடைமாற்றத்தைச் செய்தவர்கள் தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். வன்முறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. காவலுக்கு நிற்பவனைப் பின்னாலிருந்து அடித்து வீழ்த்தும் இடங்களும், வெடிகுண்டு எறியும் இடங்களும், டாங்கியும் பீரங்கியும் வரும் பகுதிகளும் உண்டு. ஆனால் ஒருவன் தலையைக் குறிபார்த்துச் சுடுவது இந்த ஆட்டத்தின் திறமை அல்ல. எத்தனை பேரை வீழ்த்தினாய் என்று கணக்கும் வைப்பதில்லை. எதிரே வருபவருக்குத் தேவையானதைத் தேடிக் கொடுத்து வழிகேட்பதும், இரண்டு நெம்புகோல்களில் எதை முதலில் இழுப்பது என்று யோசிப்பதும்தான் ஆட்டத்தின் பெரும்பகுதி. நிலத்தடிச் சுரங்கத்தில் எமிலும் ஒரு ஜெர்மன் வீரனும் ஒருவருக்கொருவர் உதவி செய்தால்தான் வழி பிறக்கும் என்ற ஒரு கட்டம் வருகிறது. சீருடை வேறாக இருந்தாலும் புதிர் ஒன்றுதான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆடுகிற பிள்ளையே செய்து பார்த்துத் தெரிந்துகொள்கிறது.

இதை நம் வீடுகளில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தோடு வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புலப்படும். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பிஜிஎம்ஐ என்ற பெயரில் அடுத்த ஆண்டு வந்தது. 2022 ஜூலையில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பியது. நூறு பேர் இறங்கி, ஒருவர் மிச்சமாகும்வரை மற்றவர்களைத் தீர்த்துக்கட்டுவதுதான் அதன் அடிப்படை. அதில் பெரிதாக ரத்தம் தெரிவதில்லை என்பதாலேயே பல வீடுகளில் அது தப்பித்துக்கொள்கிறது. வன்முறையான கேம் ஆடும் பிள்ளை நாளை கத்தியை எடுத்துவிடும் என்று பயமுறுத்துவது என் நோக்கமல்ல. கேம்களுக்கும் கொலை போன்ற கொடிய வன்முறைக்கும் தொடர்பு காட்டப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020-இல் சொல்லியிருக்கிறது. என் வாதம் அதைவிடச் சின்னது. மணிக்கணக்காக ஒரு செயலைச் செய்துகொண்டிருக்கும் பிள்ளை அந்தச் செயல் நடக்கும் உலகத்தைப் பற்றி ஒரு எண்ணத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. போர் என்றால் கடைசியில் நிற்பவன் ஜெயித்தவன் என்ற எண்ணம் ஒன்று. போர் என்றால் விவசாயி ஒருவர் வேண்டாத குழியை வெட்டிக்கொண்டிருப்பது என்ற எண்ணம் இன்னொன்று. நான்கு ஆண்டு காலம் மேற்கு முனையில் பெரும்பாலான சிப்பாய்கள் உண்மையில் எதில் நாளைக் கழித்தார்கள் என்று பார்த்தால் இரண்டாவது எண்ணமே சரித்திரத்துக்கு அருகில் இருக்கிறது. தோண்டுவது, சுமப்பது, காத்திருப்பது, சகதியை வாரிக்கொட்டுவது.

வயதுக் குறியீட்டை நம்பலாமா என்று கேட்பீர்கள். நம் ஊரில் சினிமாவுக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறது. 2024-இல் யு/ஏ பிரிவையே ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். கேம்களுக்கு அப்படி ஒரு இந்திய வாரியம் கிடையாது. பெட்டியிலும் ஆப் கடையிலும் நாம் பார்ப்பது வெளிநாட்டு அளவீடுகளைத்தான். இந்த விளையாட்டுக்கு ஐரோப்பாவில் 12 வயதுக்கு மேல் என்றும், அமெரிக்காவில் பதின்வயதினருக்கு உரியது என்றும் குறித்திருக்கிறார்கள். அந்தக் கணிப்பில் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் அவை எண்ணுவது எண்ணக்கூடியவற்றை மட்டும்: ரத்தம் எவ்வளவு, கெட்ட வார்த்தை எத்தனை, புகையும் மதுவும் வருகிறதா. அப்படி எண்ணினால் இந்த விளையாட்டு சாது. எல்லாம் காமிக்ஸ் புத்தகத்தைப் போன்ற ஓவியம். பெரும்பாலான மனிதர்களின் கண்களைத் தொப்பியோ முடியோ மறைத்திருக்கும். பேச்சும் முணுமுணுப்புதான், சொல்ல வந்தது தலைக்கு மேல் ஒரு குமிழிக்குள் படமாக வந்துவிடும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் எந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொள்ளலாம். இந்தச் சாதுத் தோற்றம்தான் எனக்குக் கவலை. படத்தைப் பார்த்து, இது எட்டு வயதுப் பிள்ளைக்கே ஆகும் என்று கொடுத்துவிடுகிற பெற்றோர் ஏமாறுவார்கள். ஈப்ர் களத்தில், 1915 ஏப்ரல் 22 அன்று ஜெர்மானியர்கள் திறந்துவிட்ட குளோரின் வாயு மஞ்சளும் பச்சையும் கலந்த புகையாய்ப் பரவியது. கேமிலும் அப்படித்தான் வருகிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மூச்சு முட்டிச் சாகிறவர்கள் மட்டும் தரையில் கிடக்கிறார்கள்.

அதைவிடக் கனமானது முடிவு. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது. கதை முன்கூட்டித் தெரிந்துவிடுகிறதே என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும், பெற்றோருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். 1917 ஏப்ரல் 16 அன்று பிரெஞ்சுத் தளபதி நிவெல் ஒரு பெரும் தாக்குதலைத் தொடங்கினார். இரண்டு நாளில் எதிரியின் அரணை உடைத்துவிடலாம் என்று வாக்களித்திருந்தார். அரண் உடையவில்லை, ஆட்கள்தான் குவியல் குவியலாக விழுந்தார்கள். அதன்பின் பிரெஞ்சுப் படைப்பிரிவுகளில் ஏறக்குறைய பாதியில், இனி தாக்கப் போக மாட்டோம் என்று சிப்பாய்கள் மறுத்தார்கள். அந்தத் தாக்குதலுக்குள் எமிலும் மாட்டிக்கொள்கிறார். ஆட்கள் வீணாகச் சாவதைக் கண்டும் மேலே போ, மேலே போ என்று விரட்டும் சொந்த அதிகாரியை அவர் மண்வெட்டியால் அடிக்கிறார், அதிகாரி இறந்துபோகிறார். ராணுவ நீதிமன்றம், மரண தண்டனை. போர்க்காலத்தில் பிரெஞ்சு ராணுவம் தன் சொந்தச் சிப்பாய்களில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக்கொன்றது என்பது சரித்திரம். அவர்களில் பெரும்பாலோர் 1917-க்கு முன்பே, முதல் இரண்டு ஆண்டுகளில், தண்டிக்கப்பட்டவர்கள்; அவர்களை எப்படி நினைவுகூர்வது என்ற வாதம் பிரான்ஸில் நூறு ஆண்டு கழித்தும் தீரவில்லை. கேமில் எமில் மகளுக்கு எழுதும் கடைசிக் கடிதத்தின் குரல் ஒலிக்க, அவரைக் கம்பத்தை நோக்கி நடத்திப்போவது ஆடுகிறவரின் கை. அழுத்துவதற்கு அங்கே வேறு பொத்தான் இல்லை. நின்றால் எல்லாம் நின்றுவிடும். போனால் எமில் சாவார்.

எந்த வயதுக் குறியீடும் இந்த இடத்தை அளக்காது, அளக்கவும் முடியாது. ஆறு மணி நேரம் அந்தப் பிள்ளை என்ன கற்றிருக்கிறது? பூட்டு இருந்தால் சாவி எங்கோ இருக்கும், நாயை அனுப்பு, சுவரைத் தோண்டு, அந்த ஆளிடம் இந்தப் பொருளைக் கொடு என்பதை. எல்லாப் புதிருக்கும் விடை கண்ட அதே விரல்களிடம் கடைசியாக விடையே இல்லாத ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். கேம் என்ற வடிவத்தால் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது. சினிமாவில் எமில் சாவதைப் பார்ப்போம். இங்கே நடத்திக்கொண்டு போகிறோம். இந்த ஆட்டத்தின் ஆகச்சிறந்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன், பிள்ளையைத் தனியாக விடக்கூடாத இடம் எது என்று கேட்டாலும் இதையேதான் காட்டுவேன். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தத் துக்கம் தாங்கக்கூடியதுதான். குடும்பத்தோடு உட்கார்ந்து சோகப் படம் பார்த்து மூக்கைச் சிந்துவது நமக்குப் புதிதா என்ன? ஆனால் தாங்குவதற்குப் பக்கத்தில் ஒரு தோள் வேண்டும். 'ஏன் அவரைச் சுட்டாங்க? அவங்க ஆளுங்கதானே?' என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். பதில் தெரியாவிட்டாலும் கேட்டுக்கொள்ளவாவது ஒருவர் வேண்டும்.

இனி மறுப்புகள். போரை அழகாகக் காட்டிவிட்டார்கள், பொம்மைப் படமாக்கிவிட்டார்கள் என்பது இதன்மேல் வைக்கப்படும் குறைகளில் கனமானது. அதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். பாரன் வான் டோர்ஃப் என்று ஒரு ஜெர்மன் பிரபு இந்தக் கதையில் வில்லனாக வருகிறான். ஃப்ரெடியின் மனைவி சாவுக்குக் காரணம் அவன், அன்னாவின் தந்தையைப் பிடித்து ஆயுதம் செய்ய வைப்பவனும் அவன். பழைய சினிமாவின் கடத்தல்காரத் தலைவனைப் போல விதவிதமான இயந்திரங்களில் வந்து எதிர்த்து நிற்கிறான். லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற ஒரு போருக்கு இப்படி ஒரு முகத்தைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம்தான். 1914-இல் ஐரோப்பா எரிந்ததற்கு ஒரு கொடியவன் காரணமில்லை. ஒப்பந்தங்கள், ரயில் அட்டவணைகள், பெருமை, பயம், ஆயுதப் போட்டி என்று சாதாரணமான காரணங்கள்தான், அதனாலேயே பயங்கரமான காரணங்கள். அதே போல அன்னா பாரிஸ் டாக்ஸியை ஓட்டும் பகுதியில் பிராம்ஸின் ஐந்தாம் ஹங்கேரிய நடனம் ஒலிக்க, தாளத்துக்கேற்ப வண்டி வளைந்து வளைந்து போகிறது. சாலைத் தடைகளும் குண்டுகளும் அந்த இசையின் அடிக்கு அடி வந்து விழுகின்றன. 1914 செப்டம்பரில் பாரிஸிலிருந்து ஏறக்குறைய அறுநூறு டாக்ஸிகள் ஆயிரக்கணக்கான வீரர்களை மார்ன் முனைக்கு ஏற்றிச் சென்றது உண்மை. அதை இப்படிச் சர்க்கஸாக்கியது எனக்கு உவப்பாயில்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தும். ஆனால் மறுபாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். பழிவாங்கவே படையில் சேர்ந்த ஃப்ரெடி, கடைசியில் வான் டோர்ஃப் கைக்குள் கிடைத்தபோது கொல்லாமல் விடுகிறான். ஆட்டம் வில்லனைக் கொடுத்துவிட்டு, அவனைக் கொல்லும் திருப்தியை மட்டும் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. இதற்குப் பிறகும் இதைப் போரைக் கொண்டாடும் கேம் என்று யாராவது சொன்னால், ஆடாமலே சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொரு கேள்வி நம் வீடுகளுக்கே உரியது. ஐரோப்பியர்கள் அவர்களுக்குள் அடித்துக்கொண்டதை நம் பிள்ளைகள் ஏன் சுமக்க வேண்டும்? தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் பாடமே முதல் உலகப்போர்தான் என்பதை நினைவூட்டுகிறேன். அதோடு, அது அவர்களோடு நிற்கவும் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அதன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுவரில் இன்றும் இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து அந்தப் போருக்கு அனுப்பப்பட்டார்கள், ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. பிரான்ஸில் நெவ் ஷப்பெல் என்ற ஊரில் உள்ள இந்திய நினைவிடத்தில் மட்டும் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. மதராஸ் சாப்பர்ஸ் படைக்கு அந்தப் போரில் என்ன வேலை தெரியுமா? பதுங்குகுழி வெட்டுவது, பாலம் போடுவது, பாதை திருத்துவது. எமில் கையில் இருக்கும் அதே மண்வெட்டி வேலை. கேமின் முன்னணிப் பாத்திரங்களில் இந்தியர் ஒருவர்கூட இல்லை என்பது குறைதான். அந்தக் குறையைச் சுட்டிக்காட்டி, நம்ம ஊர் ஆட்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று பேச்சைத் தொடங்குவது பெரியவர் செய்யக்கூடிய வேலை. சென்னையில் இருப்பவர்களானால் கோட்டைக்குப் பக்கத்தில் கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவிடத்தைக் காட்டிவிட்டுத் தொடங்கலாம்.

சரித்திரம் வேண்டுமென்றால் புத்தகம் போதாதா, கேம் எதற்கு என்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் களத்தின் பழைய புகைப்படத்தோடு ஒரு குறிப்பு திறக்கிறது. மண்ணில் கிடக்கும் சின்னச் சின்னப் பொருள்களையும் பொறுக்கிச் சேர்க்கலாம்: ஒரு கடிதம், ஒரு பதக்கம், வாயுவைத் தாங்கச் சிறுநீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்ட துணி. இந்தத் துணியைப் பற்றிப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துச் சிரிப்பார்கள். சிரித்த கையோடு, ஏன் சிறுநீர் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் வேதியியல் பாடத்தில் இருக்கிறது. பாடப்புத்தகம் காரணங்களையும் உடன்படிக்கைகளையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். அந்தத் துணி அதில் வராது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் குறிப்புகள் தமிழில் இல்லை. ஆங்கிலம் தடுக்கும் பிள்ளைக்கு அவற்றை வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கூடத்தில் ஆட வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இந்தக் கடிதம் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும், அங்கிருந்து புலம்பெயர்ந்து டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் வீடுகளுக்கும் போகக்கூடும். அங்கே நான் சொன்னவற்றில் பெரும்பகுதிக்கு வேறு எடை உண்டு. பதுங்குகுழி, ஷெல் சத்தம், வீட்டை விட்டு ஓடுவது எல்லாம் அங்கே பாட்டிக்கும் அம்மாவுக்கும் சரித்திரப் பாடம் இல்லை, நினைவு. 12 வயதுக்கு மேல் என்று ஒட்டியவர்களுக்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தாங்கும் காட்சி நாற்பத்தைந்து வயதுத் தாய்க்குத் தாங்காமல் போகலாம். அப்படிப்பட்ட வீட்டில் இந்தக் கேமை ஆடலாமா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிள்ளைக்கு ஆகுமா என்று மட்டும் கேட்காமல், சத்தம் காதில் விழும் தூரத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஆகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

நேரம் எங்கே என்பது கடைசி மறுப்பு. வேலை முடிந்து வந்து கேம் பார்த்துக்கொண்டு உட்காரவா? ஆறேழு மணி நேரத்தை நான்கு வார இறுதிகளில் பிரித்தால் ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஒரு தமிழ்ப் படம் அதைவிட நீளம். ஒரே நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும் என்பதால் கன்ட்ரோலர் பிள்ளை கையில் இருக்கட்டும், யோசனை எல்லோரும் சொல்லலாம். புதிரில் மாட்டிக்கொண்டால் கூண்டிலிருக்கும் புறாவை அழைத்துக் குறிப்புக் கேட்கும் வசதி இருக்கிறது. 1916 ஜூனில் வோ கோட்டையில் முற்றுகைக்குள் சிக்கிய பிரெஞ்சுத் தளபதி உதவி கேட்டுக் கடைசியாக அனுப்பியதும் ஒரு புறாவைத்தான். புறாவைக் கூப்பிடும்போது அந்தக் கதையையும் சொல்லலாம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம், கேம் எங்கும் ஓடிப்போய்விடாது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இருப்பவர்களை உங்களுக்குத்தான் தெரியும். முதல் இரண்டு கட்டங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எந்த வயதானாலும், கடைசி அத்தியாயத்தை மட்டும் பள்ளிக்கூட நாளின் முந்தின இரவில் தொடங்க வேண்டாம். சனிக்கிழமை பகலில் வைத்துக்கொள்ளுங்கள், நிவெல் தாக்குதல் வரும்போது எழுந்து சமையலறைக்குப் போய்விடாதீர்கள்.